மருமகனுக்காக விசாரித்தவர்கள்

அந்திக்காடு
20 செப்டம்பர் 1990

சும்மாருக்கு,

உன் கடிதம் வந்தது. அதற்குள் மடித்து வைத்திருந்த விற்பனைத் தாளும் வந்தது. கையெழுத்தை நன்றாகப் பெரிதாகவே போட்டிருக்கிறாய். அம்பாசடரை விற்றுவிட்டு டிரைவிங் ஸ்கூலை இழுத்து மூடச் சொல்கிறாய். வண்டி உன் பெயரில் இருப்பதால் சொல்ல உனக்கு உரிமை உண்டு. தாளை உன் சேச்சி கொச்சன்னம் என் கையிலிருந்து வாங்கி அந்தோணியார் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டாள். விற்பதா வேண்டாமா என்று இனிமேல் புனிதர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறாள்.

தொழில் எப்படி என்று கேட்டிருந்தாய். நம்மிடம் யார் வந்தார்கள் என்று உனக்குத் தெரியாதா? வளைகுடாவுக்கு டிரைவர் விசாவில் போக நினைத்த பையன்கள் வந்தார்கள். குவைத்துக்குள் ஈராக்காரன் புகுந்த நாளிலிருந்து அந்தப் பையன்கள் யாரும் நம் மாடிப்படி ஏறவில்லை. திருச்சூரில் விசா ஏஜெண்டுகள் கடையைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊர் போய்விட்டார்கள். இப்போது விமானங்கள் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன, ஏற்றிக்கொண்டு போவதில்லை. நம் தெருவிலேயே பாதி கட்டிய வீடுகள் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மணலூர் டிரைவிங் ஸ்கூல்காரர் வண்டியை விற்று வீடியோ கேசட் கடை போட்டுவிட்டார். பங்க்கில் கேட்டால் ஒரு நாள் பெட்ரோல் உண்டு, ஒரு நாள் இல்லை.

எனக்கு இப்போது இருக்கும் ஒரே மாணவர் நம் பங்குக் கோவிலின் உதவிச் சாமியார். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் "ஈசோயே" என்று இயேசுவைக் கூப்பிடுகிறார். பிரேக்கை மிதிக்க வேண்டிய நேரத்திலும் கூப்பிடத்தான் செய்கிறார், மிதிப்பதில்லை. அதை நான் என் பக்கத்துப் பெடலில் மிதித்துக்கொள்கிறேன்.

என்னோடு சேர்ந்து ஸ்கூலை நடத்திக்கொண்டிருந்த நீ, ஆறு வருஷத்துக்கு முன்னால் டெஸ்ட் நாள் காலையில் அக்கா புருஷனான என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சவூதிக்கு, தம்மாமுக்கு விமானம் ஏறினாய். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு அன்றைக்கு நான் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. அன்றைக்கே மூடாத ஸ்கூலை இன்றைக்கு மூடச் சொல்கிறாயே என்றுதான் கேட்கிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது, அளியா. இடது பக்கம் உட்கார்ந்து அடுத்தவன் ஓட்டுவதைப் பார்ப்பது ஒன்றுதான் தெரியும்.

லோனப்பன்


தம்மாம்
8 அக்டோபர் 1990

லோனப்பேட்டனுக்கு,

புனிதர் வண்டி ஓட்டியதில்லை. அவரை விடுங்கள்.

வாடானப்பள்ளியில் என் கூட்டாளியின் அண்ணன் ஒருவர் டாக்ஸி விடுகிறார். நம் வண்டியை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவரும் வாங்க மாட்டார், வேறு யாரும் வாங்க மாட்டார்கள். ஊரில் தொழில் படுத்துக் கிடக்கும்போது ஸ்கூலைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன லாபம்? வருஷக்கணக்காக இடது பக்கம் உட்கார்ந்து உங்களுக்கு எல்லாம் மெதுவாகத்தான் தெரியும். இப்போதாவது சீக்கிரம் முடிவெடுங்கள்.

அன்றைக்கு நான் சொல்லாமல் போனதை எத்தனை கடிதத்தில் எழுதுவீர்கள்? சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? சேச்சியை விட்டு அழ வைத்திருப்பீர்கள்.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். சாலை முழுக்க அமெரிக்கப் பட்டாளத்து லாரிகள். எங்கள் கம்பெனிக்கு ஓய்வே இல்லை. மற்றவர்களைப் போல என்னை மூட்டை கட்டச் சொல்ல மாட்டார்கள். மேனேஜரின் காரை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று உத்தரவே இருக்கிறது.

வாடானப்பள்ளிக்காரர் வந்தால் காபி கொடுத்து உட்கார வையுங்கள்.

சும்மார்


அந்திக்காடு
4 நவம்பர் 1990

சும்மாருக்கு,

வாடானப்பள்ளிக்காரர் வந்தார். காபி கொடுத்தோம், குடித்தார். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். "பிறகு சொல்றேன்" என்றேன். காரணம் இருக்கிறது, கேள்.

போன மாதம் ஒரு மத்தியானம் தேவஸ்ஸி மாடியேறி வந்தான். துபாயில் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்த தேவஸ்ஸிதான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் சுவரில் இருந்த போக்குவரத்துச் சின்னங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"லோனப்பேட்டா, என் மருமகன் ஒருத்தன் இருக்கான், தங்கச்சி மகன். அவனும் துபாயிலேர்ந்து வந்துட்டான். இங்கத்த வண்டி அவனுக்கு ஒத்து வரல."

"வரச் சொல்லு."

"அவன் வெக்கப்படுவான்."

"அப்போ நீ கத்துக்கிட்டுப் போய் அவனுக்குச் சொல்லிக் குடு."

தேவஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினான். மாடிப்படியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எப்போ வரட்டும்?" என்றான்.

அடுத்த வாரம் குவைத் வறீது வந்தார். ஷேக்கின் வெள்ளைக் காரை ஓட்டியவர், கேட்டில் சிங்கத்தலை வைத்து வீடு கட்டுகிற வறீது. ஜோர்டானில் அம்மான் நகரம் வழியாக ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியிருக்கிறார். அவருக்கும் ஒரு மருமகனாம். அதற்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். அந்திக்காட்டில் ஒரே மழைக்காலத்தில் இத்தனை மருமகன்கள் முளைத்ததை நான் பார்த்ததில்லை.

பிரச்சினை என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், சாலையில் போவது வலது பக்கம், கியர் வலது கைக்கு. பாதிப் பேருக்குக் கிளட்சே மறந்துபோய்விட்டது. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் நல்ல டிரைவர்கள்தான், இருபது வருஷம் பாலைவனத்தில் ஓட்டியவர்கள். ஆனால் கியர் மாற்ற வலது கையை நீட்டுகிறார்கள். இங்கே வலது கைக்கு அகப்படுவது கதவின் கைப்பிடி. தேவஸ்ஸி முதல் நாள் இரண்டாவது கியர் போடுவதாக நினைத்து ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிட்டான். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, "இது எந்த கியர்?" என்று என்னையே கேட்டான். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கொச்சன்னத்திடம் சொல்லிச் சிரித்தேன்.

எல்லோரும் ஒரே நிபந்தனை போடுகிறார்கள். யாரும் பார்க்கக் கூடாது. வளைகுடாவில் வண்டி ஓட்டியவன் ஊரில் எல் போர்டு கட்டிய வண்டியில் உட்கார்ந்தால் அவன் மானம் போச்சு, பெண்ணுக்கு வரன் வராது, மனைவி பள்ளிக்கூட வாசலில் தலை காட்ட முடியாது. அதனால் விடிகிற நேரத்தில் தண்ணீர் தேங்கும் கோள் வயல் பக்கம் வரப்புச் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோகிறேன். எல் போர்டு இரண்டையும் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டேன்.

ஸ்கூலுக்கு மூச்சு திரும்பிவிட்டது, அளியா. உதவிச் சாமியார்கூடத் தேறிவிட்டார். டெஸ்டில் "ஈசோயே" என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாராம். உன் தாள் புனிதருக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

லோனப்பன்


தம்மாம்
22 நவம்பர் 1990

லோனப்பேட்டனுக்கு,

போர்டைக் கழற்றினீர்களா? நீங்களா?

ஸ்கூல் ஆரம்பித்த நாளில் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எல் போர்டு கட்டியிருப்பது ஓட்டுகிறவனுக்காக இல்லை, எதிரே வருகிறவனுக்காக என்று சொன்னது நீங்கள்தானே? எதிரே வருகிற பஸ்காரன் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் கொஞ்சம் ஒதுங்குகிறான். அது இல்லாவிட்டால் உங்கள் வண்டி அவன் கண்ணுக்கு வெறும் அம்பாசடர். வண்டி என் பெயரில் இருக்கிறது, மறந்துவிட வேண்டாம். தேவஸ்ஸியின் மானத்துக்கு என் வண்டியை அடகு வைக்காதீர்கள்.

சரி, சொன்னாலும் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களிடம் இடது, வலது என்று சொல்லாதீர்கள். சொன்னால் குழம்புவார்கள். "நீ உட்கார்ந்திருக்கிற பக்கம்தான் ரோட்டுக்கு நடு" என்று சொல்லுங்கள். அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். ஓட்டுகிறவன் உடம்பு எப்போதும் ரோட்டின் நடுவை ஒட்டி இருக்கும். அது அவர்கள் உடம்புக்குத் தெரியும். கையைவிட முதுகு சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

எனக்கெல்லாம் இந்தத் தொந்தரவு கிடையாது. போன லீவில் வந்தபோது பஸ்ஸில்தான் சுற்றினேன் என்றாலும், இரண்டு பக்கமும் என் கைக்கு அத்துப்படி. சொல்லிக் கொடுத்தவனுக்கு மறக்குமா?

வாடானப்பள்ளிக்காரரைக் கைவிட வேண்டாம். இந்த மருமகன்கள் எத்தனை நாளைக்கு வருவார்கள்?

சும்மார்


அந்திக்காடு
17 டிசம்பர் 1990

சும்மாருக்கு,

நீ சொன்னது நடந்துவிட்டது. சந்தோஷப்படு.

போன வியாழக்கிழமை விடியற்காலை ஒரு மருமகனைக் கூட்டிக்கொண்டு வரப்புச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். நீ எழுதியதை அவரிடம் சொன்னேன், முதுகு நன்றாகவே கேட்டது. அழகாக ஓட்டினார். திருப்பத்தில் ஒரு வாத்துக்கூட்டம். தண்ணீர் இறைத்த வயலில் மேய்க்கக் கொண்டுவந்த வாத்துகள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. மேய்க்கிறவன் பின்னால் எங்கோ பீடி பிடித்துக்கொண்டு வருகிறான். எல் போர்டு இல்லாததால் நம்மைப் பார்த்தும் அவன் அவசரப்படவில்லை. ஏதோ கார், ஹார்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கிவிடும் என்று நினைத்திருக்கிறான்.

பயம் வந்தால் உடம்பு பழைய ஊருக்குத்தான் ஓடுகிறது. மருமகன் வலது பக்கமாக ஒடித்துவிட்டார். வலது பக்கம் கால்வாய். என் பக்கத்து பிரேக்கை ஏறி நின்று மிதித்தேன், ஆனால் முன்சக்கரம் அதற்குள் சரிந்துவிட்டது. வண்டி மூக்கைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றது. வாத்துகள் சுற்றி நீந்தின.

அடுத்து நடந்ததுதான் கூத்து. மருமகன் கதவைத் திறந்தார். அன்றைக்குத்தான் அந்தக் கை சரியான வேலை செய்தது. இடுப்பளவு தண்ணீரில் குதித்தார், கரையேறினார், வயலில் விழுந்து எழுந்து ஓடியே போய்விட்டார். செருப்பு ஒன்று மிதந்துகொண்டிருந்தது. நான் இடது சீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். வாத்துக்காரன் வந்தான், கள்ளுக்கடைக்காரர்கள் வந்தார்கள், பால் எடுத்துக்கொண்டு போகிற பெண்கள் வந்தார்கள்.

"வண்டிய ஓட்டினது யாரு ஆசானே?"

"நான்தான்."

"ஸ்டியரிங் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"கைய நீட்டி ஓட்டினேன்."

வேறு என்ன சொல்வது? யாரும் அறிய மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துத்தான் கூட்டிப்போனேன். கயிறு கட்டி வண்டியை வெளியே இழுத்தார்கள். இழுக்கும்போது பாட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டில் என் பெயர் இருந்தது.

இப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு. டிரைவிங் ஆசான் விடியற்காலையிலேயே குடித்துவிட்டு இடது சீட்டில் உட்கார்ந்து வாத்துக்குள் வண்டியை விட்டான் என்கிறார்கள். சேர்ந்திருந்த ஒன்றிரண்டு பிள்ளைகளையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மருமகன்கள் யாரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. கோவிலில் உதவிச் சாமியார் மட்டும் என்னைப் பார்த்துப் பாவம் என்பது மாதிரித் தலையாட்டுகிறார். அது அதைவிட மோசம்.

புனிதருக்குப் பின்னாலிருந்து உன் தாளை எடுத்துவிட்டேன். வாடானப்பள்ளிக்காரருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். சேறு போகக் கழுவி, எஞ்சினைப் பார்த்து, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறாராம். என் பக்கத்துப் பெடல்களைக் கழற்றிவிடச் சொல்கிறார், டாக்ஸிக்கு அது எதற்கு? கொச்சன்னம் என்னோடு பேசுவதில்லை. உன்னோடும் பேச மாட்டாள் என்று எழுதச் சொன்னாள்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, சும்மார்.

லோனப்பன்


தம்மாம்
20 ஜனவரி 1991

லோனப்பேட்டனுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே கதை இங்கே வந்துவிட்டது. ஒருவன் சொன்னான் நீங்கள் குடித்திருந்தீர்கள் என்று. இன்னொருவன் சொன்னான் வாத்துகளுக்கு டிரைவிங் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று. அவனை அடிக்கப் போனேன், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நீங்கள் வாழ்க்கையில் ஒரு சொட்டுக் கள் குடித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ஓட்டியது யார்? தேவஸ்ஸிதானே? சொல்லுங்கள், அவன் வீட்டுக்கு இங்கிருந்தே எழுதுகிறேன். ஓடிப்போனவனுக்கு நீங்கள் ஏன் காவல் இருக்கிறீர்கள்?

சண்டை ஆரம்பித்துவிட்டது, ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். சங்கு ஊதினால் எல்லோரும் ஒரே அறைக்குள் போய் உட்கார வேண்டும். சன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறோம். மேனேஜர் காரை எடுத்துக்கொண்டு ஜெத்தா போய்விட்டார். தானே ஓட்டிக்கொண்டு போனார். கம்பெனியில் ஊருக்கு அனுப்புகிறவர்கள் பேரை வாசிக்கிறார்கள், பேர் வந்தவர்கள் பெட்டி கட்டுகிறார்கள். என் பேர் வரவில்லை. வராது.

விற்கச் சொன்னது நான்தான். இப்போது விற்கிறேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். வண்டி போகட்டும். அந்தப் பெடல்களை மட்டும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். நாம் இரண்டு பேரும் திருச்சூர்ப் பட்டறையில் பகல் முழுக்கப் பட்டினியாக நின்று செய்து வாங்கியவை. கழற்றி எடுத்து வையுங்கள்.

சேச்சியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

சும்மார்


அந்திக்காடு
3 மார்ச் 1991

சும்மாருக்கு,

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொல்கிறது. ஜனவரிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதற்காவது எழுது. கொச்சன்னம் உனக்காக அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். வாயால் சொல்ல மாட்டாள், மெழுகுவத்தி தீர்வதை வைத்து நான் கண்டுபிடித்தேன்.

வண்டி விஷயம் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வாடானப்பள்ளிக்காரர் மெக்கானிக்கோடு வந்தார். பூசை முடிந்து ஊர் முழுக்க டீக்கடை முன்னால் நிற்கிற நேரம். மெக்கானிக் இடது பக்கக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஸ்பேனரால் என் பெடலைத் திருக ஆரம்பித்தான். நான் தின்பண்டக் கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பல் பிடுங்குவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்போது குவைத் வறீது வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி, பூசைக்குப் போட்ட சென்ட் மணம். நேராக வந்து மெக்கானிக்கின் காலைத் தட்டினார்.

"வெளிய வாடா மோனே."

பிறகு டிக்கியைத் திறந்தார். எல் போர்டு இரண்டையும் தேடி எடுத்தார். வேட்டி முனையால் சேற்றைத் துடைத்தார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தானே கட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். வறீது ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னிக்கு வாத்துக்குள்ள விட்டது நான்தான். லோனப்பேட்டன் பச்சத் தண்ணி குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தாரு. நான் ஓடிட்டேன். ஷேக்கோட கார இருபது வருஷம் ஓட்டினேன், ஆனா இந்த ஊருல எனக்கு இடது பக்கம் வரமாட்டேங்குது. என்ன இப்போ? சிரிக்கறவன் சிரிச்சுக்கோ. ஆசானே, ஏறுங்க."

ஏறினேன். என் பெடல் ஒரு ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. சந்தையைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி, நடு ரோட்டைத் தன் முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டு வறீது ஓட்டினார். ஒரு தடவை கியர் போடப் போய்க் கதவைத் திறந்தார். ஜனங்கள் கை தட்டினார்கள், அவரும் சிரித்துவிட்டார். திரும்பி வந்தபோது வாடானப்பள்ளிக்காரர் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். "விக்கற எண்ணம் இருக்கா இல்லையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கொச்சன்னம் மாடியிலிருந்து, "இல்ல" என்றாள். உன் தாளை அன்றைக்கு மத்தியானமே அடுப்பில் போட்டுவிட்டாள். வருத்தம் இருந்தால் அவளோடு பேசிக்கொள்.

மறுநாள் தேவஸ்ஸி பட்டப்பகலில் வந்தான். "மருமகன் எங்கே?" என்று கேட்டேன். "அவன் பொறக்கவே இல்ல லோனப்பேட்டா" என்றான்.

வருகிறவர்கள் வருகிறார்கள். பெரிய கூட்டம் என்று சொல்ல மாட்டேன், காலம் கெட்டுத்தான் கிடக்கிறது. ஆனால் வண்டி ஓடுகிறது.

நீ எங்கே இருக்கிறாய்? எழுது.

லோனப்பன்


தம்மாம்
12 மே 1991

லோனப்பேட்டன் அவர்களுக்கு,

நலம். இங்கே வேலை வழக்கம்போல நடக்கிறது. தபால் ஒழுங்காக இல்லாததால் எழுதவில்லை. ஊருக்கு வரும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், சாலக்குடியில் தபாலில் போடுவார். வண்டியை விற்காமல் விட்டது சரிதான் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது.

ஒரு விஷயம். என் மனைவி பிலோமினாவின் மருமகன் ஒருவன் இங்கே என்னோடு வேலை பார்த்தான். கம்பெனியில் அவன் பெயரை வாசித்துவிட்டார்கள், பிப்ரவரியிலேயே அனுப்பிவிட்டார்கள். இப்போது சாலக்குடியில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். கெட்டிக்காரன். வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை, ஒரு காலத்தில் மற்றவர்களுக்கே சொல்லிக் கொடுத்தவன். ஆனால் மாமனாரின் ஜீப்பை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியதும் வலது பக்கம் ஏறி எதிர்வீட்டுத் தூணில் இடித்துவிட்டான். யாருக்கும் அடி இல்லை. தூண் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. காலையில் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டு பஸ்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறானாம். பஸ் ஏறுவதில்லை, சும்மா பார்க்கிறான். முதுகு, நடு ரோடு எல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தாலும் கை கேட்க மாட்டேன் என்கிறதாம். எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று பிலோமினாவிடம் கேட்டானாம். பிலோமினா எழுதியிருந்தாள்.

அந்திக்காட்டுக்கு அனுப்பலாமா? அவனுக்குக் கொஞ்சம் கூச்சம். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை, வரப்புச் சாலை, போர்டு இல்லாமல் என்றால் வருவான் என்று நினைக்கிறேன். பதிலைச் சாலக்குடி முகவரிக்கே போடுங்கள். அவன் படித்துக்கொள்வான்.

சும்மார்


அந்திக்காடு
20 மே 1991

சும்மாருக்கு,

பிலோமினா வீட்டுக்கு ஒரே பெண். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அந்தச் சாலக்குடித் தோட்டம் முழுக்க அவளுக்குத்தான் வரும் என்று உன் அப்பா உன் கல்யாணத்தில் எப்படிக் குதித்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே பெண்ணுக்கு மருமகன் எங்கிருந்து வந்தான் என்று உன் சேச்சி கேட்டாள். அந்திக்காட்டில் முளைத்த மாதிரிதான் என்று சொன்னேன். அவள் சிரித்தாள், அப்புறம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். உயிரோடு வந்து சேர்ந்தானே, அது போதும் என்றாள். எனக்கும் அதுதான். இந்த நாலு மாதம் ரேடியோவைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போய்விட்டது.

மருமகனை அனுப்பு. அவனிடம் சில விஷயங்கள் சொல்லிவிடு.

விடியற்காலை கிடையாது. வரப்புச் சாலையும் கிடையாது. பத்து மணிக்குச் சந்தை வழியாகத்தான் போவோம். தேவஸ்ஸி டீக்கடையில் இருப்பான், வறீது இருப்பார், சிரிப்பார்கள். வறீது இரண்டு நாளாகச் சிரித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். எல் போர்டு முன்னாலும் பின்னாலும் கட்டியிருக்கும். அது ஓட்டுகிறவனுக்காக இல்லை, எதிரே வருகிறவனுக்காக. இது யார் சொன்னது என்று மருமகனுக்குத் தெரியும்.

நடு ரோடு, முதுகு என்று ஒருவன் தம்மாமிலிருந்து எழுதியதை நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். அது இல்லாவிட்டால் ஸ்கூல் இந்நேரம் இல்லை. அதை அவனுக்கும் சொல்லித் தருகிறேன். சொந்தக் கடிதத்தை அடுத்தவன் வாயால் கேட்டால் கை கேட்குமோ என்னவோ.

ஒருவன் வீடு திரும்பியும் மூன்று மாதம் முகம் காட்டவில்லையே என்று எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அதை வண்டிக்குள் வைத்துத் திட்டிக்கொள்கிறேன், ரோட்டில் வைத்துத் திட்ட மாட்டேன். ஜூன் மழைக்கு முன்னால் வரச் சொல். கொச்சன்னம் பன்றிக்கறியும் கூர்க்கைக் கிழங்கும் போட்டு வைக்கப் போகிறாளாம். பார்த்தே இராத மருமகனுக்கு அதுதான் பிடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

என் பக்கத்துப் பெடலை ஆணி அடித்து இறுக்கிவிட்டேன். வண்டி இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மருமகன் உட்காரப் போகிற பக்கத்துக் கதவை உள்ளே கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். கியர் என்று நினைத்துப் பிடித்தாலும் திறக்காது. என் பக்கமாக ஏறித்தான் உட்கார வேண்டும், இறங்குவதும் என் பக்கமாகத்தான். இந்தத் தடவை சொல்லாமல் இறங்கிப் போக முடியாது என்று அவனிடம் சொல்லிவிடு.

லோனப்பன்